போனைக் கவிழ்த்து வைத்தால் போதாது

கவனம் நிற்கவில்லை என்று யாராவது சொன்னால் போதும், "மன உறுதி வேணும் தம்பி" என்று உடனே ஒரு உபதேசம் வந்துவிடும். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. போன் எங்கே இருக்கிறது, யார் யார் அதைத் தட்டி நம்மைக் கூப்பிடலாம் என்ற இரண்டையும் சரிசெய்தாலே பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

"வைப்ரேட் ஆச்சு, ஆனா எடுக்கலையே!" 2015இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் சோதித்தார்கள். கவனம் தேவைப்படும் ஒரு வேலையின் நடுவே போனுக்கு அழைப்பும் செய்தியும் வந்தபோது, அதைத் தொடாதவர்களும் கூடுதலாகத் தவறு செய்தார்கள். யாராக இருக்கும் என்று மனசு போய்விடுகிறது, அவ்வளவுதான். 2017இல் டெக்சாஸில் நடந்த ஆய்வில், சைலன்ட்டில் போட்ட போனை மேசையில் கவிழ்த்து வைத்தவர்களைவிட அடுத்த அறையில் வைத்தவர்கள் கொடுத்த தேர்வுகளை நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அடுத்த அறையில் வைக்க என்ன செலவாகிறது?

முதல் வேலை: ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், டிஜிட்டல் வெல்பீயிங். எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள் என்ற கணக்கை விடுங்கள். எத்தனை முறை அன்லாக் செய்தீர்கள், எந்த ஆப் எத்தனை நோட்டிபிகேஷன் அனுப்பியது என்று பாருங்கள். சாப்பாடு டெலிவரி, ஷாப்பிங், கடன் தருகிறேன் என்கிற ஆப், செய்தி ஆப் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அழைப்பு, எஸ்எம்எஸ், வேலைக்கான ஒன்றிரண்டு மட்டும் இருக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறினால் பெரியப்பா கோபித்துக்கொள்வார். வெளியேற வேண்டாம். மியூட்டில் 'எப்போதும்' என்று வைத்து ஆர்க்கைவில் தள்ளிவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. அழைப்பு, நோட்டிபிகேஷன் சத்தத்தையெல்லாம் அடக்கி வைக்கும் 'டு நாட் டிஸ்டர்ப்' அமைப்பில், மறுபடி அழைப்பவர்களை அனுமதிக்க ஒரு வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை கூப்பிட்டால் மணி அடிக்கும். வீட்டில் சொல்லி வையுங்கள்: அவசரமென்றால் இரண்டு தடவை கூப்பிடு. அடுத்த அறையிலிருந்து கேட்கிற அளவுக்கு ரிங்டோன் சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.

போன் இல்லாமலும் கவனம் சிந்தும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததுக்குப் போனால், முதல் வேலை மனசின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதை ஆராய்ந்து எழுதினார். 2018இல் இன்னொருவருடன் சேர்ந்து இதற்கான வழியையும் சோதித்துக் காட்டினார்: எழுந்திருக்கும் முன், எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்யணும் என்று எழுதி வைப்பது. "படித்தேன், மீதி இருக்கு" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "வட்டி கணக்கு 7 வரை முடிந்தது, 8இல் காலாண்டு வட்டி, முதலில் சூத்திரத்தை மாற்றணும்" என்கிற அளவுக்கு வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையும் இதனால்தான் பலருக்குக் கைகொடுப்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் ரீல்ஸ் பார்க்கிறார்கள். ரீல்ஸுக்கு முடிவே கிடையாது, பாதியில் விட்டதாகவே மனசு நினைக்கும். தண்ணீர் குடியுங்கள், மொட்டைமாடிக்குப் போய் வாருங்கள், காய்ந்த துணியை எடுத்து மடியுங்கள்.

இரவில் சார்ஜர் ஹாலில் இருக்கட்டும். அலாரத்துக்காகப் போன் வேண்டும் என்பவர்கள் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.