போட்டி போடுவோம், ஆனால் அந்த 60 சதவீதம் பேருக்காக

கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லேண்டில் இருக்கிறான். நான் மினசோட்டாவில், மினியாபொலிஸில். ரெண்டு பேருக்கும் சைக்கிள் என்றால் உயிர். எந்த ஊர் சைக்கிளுக்கு நல்ல ஊர் என்று பத்து வருடத்துக்கும் மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், நேற்று ராத்திரி போனிலும் ஒரு மணி நேரம் அதே பேச்சுதான்.

இது எங்களோடு ஆரம்பித்த சண்டை இல்லை. 2010ல் பைசைக்ளிங் பத்திரிகை மினியாபொலிஸை அமெரிக்காவின் முதல் சைக்கிள் நகரமாக அறிவித்தது. அந்த இடம் தங்களுடையது என்று நினைத்திருந்த போர்ட்லேண்ட்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. 2012ல் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் 2014ல் நியூயார்க், 2016ல் சிகாகோ, 2018ல் சியாட்டில் என்று பட்டியல் எங்கோ போய்விட்டது. நாங்கள் மட்டும் விடவில்லை.

என் பக்கத்து வாதம் எப்போதும் மிட்டவுன் கிரீன்வேதான். பழைய ரயில் பாதை ஓடிய நீளமான பள்ளம் அது, இப்போது சுமார் 9 கிலோமீட்டருக்கு சைக்கிளும் நடையும் மட்டும். நிறைய தூரம் தெருக்களுக்குக் கீழே போகிறது, தலைக்கு மேலே பாலம் பாலமாகக் கார்கள் போய்க்கொண்டிருக்கும், நமக்கு அந்தக் கவலையே கிடையாது, ஊரின் நடுவில் மிதித்துக்கொண்டே ஏரிப் பக்கத்திலிருந்து மிசிசிப்பி ஆறு வரை போய்விடலாம். பனி பெய்தால் வழித்துத் தள்ளும் வண்டி பல நாள் எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பே அங்கே வந்துவிடும். ஜனவரி காலையில் மைனஸ் 15 டிகிரியில், ஆணி பதித்த டயர் கரகரவென்று ஓட, எதிரே வருகிறவர் முகம் தெரியாமல் மூடிக்கொண்டு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். அந்த ஒரு கையசைப்புக்காகவே இந்த ஊரை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவன் பக்கத்தில் டிலிகம் பாலம். 2015ல் திறந்தது. ரயில், டிராம், பஸ், சைக்கிள், நடந்து போகிறவர்கள், இவ்வளவுதான், சொந்தக் காருக்கு இடமில்லை. அவன் தினமும் அந்தப் பாலத்தில் மிதித்து ஆற்றைக் கடந்து, சைக்கிளோடு ரயில் ஏறி ஹில்ஸ்பரோவுக்கு வேலைக்குப் போகிறான். அங்கே போயிருந்தபோது அவனோடு ஒரு சாயங்காலம் அந்தப் பாலத்தில் போனேன். பொறாமையாகத்தான் இருந்தது, அதை அவனிடமே சொன்னேன்.

ஆனால் போர்ட்லேண்ட் தந்தவற்றில் பெரியது பாலம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நகரத்தின் சைக்கிள் திட்டங்களைப் பார்த்துக்கொண்ட ராஜர் கெல்லர் என்ற அதிகாரி 2006ல் ஊர் மக்களை நான்கு வகையாகப் பிரித்து எழுதினார். எந்த ரோட்டிலும் பயமில்லாமல் ஓட்டுகிறவர்கள் 1 சதவீதம்கூட இல்லை. ஓரளவு வசதி இருந்தால் ஓட்டிவிடுவோம் என்கிறவர்கள் 7 சதவீதம். எப்படியும் ஓட்டமாட்டோம் என்கிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மீதி சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆசை இருக்கிறது, கார்களைப் பார்த்தால் பயமும் இருக்கிறது.

என் மனைவி அந்த 60ல் ஒருத்தி. பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஐந்து கிலோமீட்டர் சைக்கிளில் போய்வந்தவள். இங்கே கிரீன்வேயில் எனக்கு முன்னால் போவாள். அதிலிருந்து மேலே ஏறி, கார் நெரிசலான லேக் ஸ்ட்ரீட் பக்கம் வந்துவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பாள். கடை அங்கேதானே இருக்கிறது? பள்ளத்துக்குள் எவ்வளவு அழகான பாதை இருந்து என்ன, கடைசி அரை கிலோமீட்டரில் ஆள் இறங்கிவிட்டால் அந்தப் பாதை பாதிதான் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். ரோட்டோரத்தில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டு சைக்கிள் லேன் கொடுத்துவிட்டோம் என்று எந்த ஊரும் கணக்குக் காட்டக் கூடாது. கோடு காரை நிறுத்தாது. நடுவில் கான்கிரீட் தடுப்பு வேண்டும்.

ரெண்டு ஊரும் பெருமை பேசிக்கொண்டே இருக்க முடியாத நிலையும் வந்துவிட்டது. 2030க்குள் ஊரின் பயணங்களில் கால்வாசி சைக்கிளில் என்று 2010ல் திட்டம் போட்டது போர்ட்லேண்ட். வேலைக்கு சைக்கிளில் போகிறவர்கள் 2014ல் 7.2 சதவீதம் வரை ஏறினார்கள், அப்புறம் இறங்குமுகம்தான். இங்கே 2010ல் வந்த நைஸ் ரைடு வாடகை சைக்கிள்கள் 2023ல் நின்றேபோயின. அதனால்தான் சொல்கிறேன், போட்டி இருக்கட்டும், அது யாருக்காக என்பதை மாற்றிக்கொள்வோம். பனி வழிப்பதை போர்ட்லேண்ட்காரர்கள் எங்களிடம் கற்க வேண்டிய அவசியம் அதிகமில்லை, அங்கே மழைதான். ஆனால் க்ளிண்டன் தெருவில் அவர்கள் செய்ததுபோல, குறுக்கு வழியாக நுழையும் கார்களைத் தடுப்பு வைத்துத் திருப்பிவிட்டு, வீட்டுத் தெருவையே சைக்கிளுக்கான தெருவாக்கும் வேலையை எங்கள் ஊர் இன்னும் நிறையத் தெருக்களில் செய்யலாம்.

நேற்று பேச்சு முடிகிற நேரத்தில் அவனிடம் கேட்டேன், உன் மகள் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகிறாளா என்று. க்ளிண்டன் தெரு வரை தனியாகவே போவாள், கார் நெரிசலான பவல் ரோட்டைத் தாண்ட மட்டும் நானும் கூடப் போகிறேன் என்றான்.