கூண்டுக்குள் அம்மா தனியாக

பாரிஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எங்கள் குடும்ப டொக்டர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகு கூப்பிட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான்: புதிதாக யாரையும் எடுப்பதில்லை. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. பிரான்சில் தனக்கென்று ஒரு குடும்ப டொக்டர் இல்லாதவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். 1971இல் மருத்துவ மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டார்கள். 1993இல் அது வருடத்துக்கு 3,500 பேர் வரை இறங்கியது. அன்று சேர்க்காமல் விட்டதை இன்று அனுபவிக்கிறோம்.

போன குளிர்காலம் அம்மாவுக்கு மூன்று கிழமையாக இருமல். பார்மசியில் தொலைமருத்துவக் கூண்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். காப்புறுதி கார்டைச் செருகினால் திரையில் டொக்டர் வருவார். 2018 செப்டெம்பரிலிருந்து இதற்கும் காப்புறுதி காசு தருகிறது. சரி, ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே ஒருவர் இருக்கத்தான் இடம். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியில் நின்று மொழிபெயர்த்தேன். ஸ்டெதஸ்கோப்பை அம்மாவே எடுத்து வைக்க வேண்டும். "தம்பி, இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டபடி கம்பளிச் சட்டைக்கு மேலேயே வைத்தார். சட்டை உரசுகிற சத்தம்தான் கேட்கிறது என்றார் டொக்டர். முதுகில் வைக்கச் சொன்னபோது அம்மாவின் கை எட்டவில்லை.

அந்த டொக்டரில் பிழை சொல்ல மாட்டேன். பொறுமையாகக் கேட்டார், இரத்தப் பரிசோதனைக்கும் எழுதித் தந்தார். ஆனால் திரையில் அவருக்குத் தெரிந்தது அம்மாவின் முகம் மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து இரத்தம் எடுக்க ஒரு தாதி வீட்டுக்கு வந்தார். ஊசியைக் கழற்றிவிட்டு அம்மாவின் காலுறையைப் பார்த்தார். கணுக்காலைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். விரலை எடுத்த பிறகும் வீங்கிய இடத்தில் குழி அப்படியே நின்றது. "இது கனநாளா இருக்கு" என்றார் அம்மா. எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தாதி தன் டப்லெட்டைத் திறந்து ஒரு டொக்டரைக் கூப்பிட்டார். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் சரியான இடத்தில் வைத்தார், காலைக் கமராவில் காட்டினார். அடுத்த கிழமையே இதயப் பரிசோதனை. நீர் கோத்திருந்தது நுரையீரலில்.

அதே திரை, அதே இணையம். பக்கத்தில் ஒரு பழகிய கை இருந்தது மட்டும்தான் வித்தியாசம்.

இதை மேற்கு ஆபிரிக்காவில் இருக்கும் மாலி நாட்டுக்காரர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். 2001இல் தலைநகர் பமாக்கோவின் மருத்துவ பீடமும் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும் சேர்ந்து தொடங்கிய தொலைமருத்துவ வேலைக்குக் 'கெனேயா ப்ளோன்' என்று பெயர். பம்பரா மொழியில் கெனேயா என்றால் நலம். ப்ளோன் என்பது வீட்டுக்குள் நுழைந்ததும் வருகிற முன்கூடம். நம் திண்ணை மாதிரி, வந்தவரை இருத்திப் பேசுகிற இடம். எவ்வளவு நல்ல பெயர்! அதிலிருந்துதான் பிரெஞ்சு பேசும் ஆபிரிக்க நாடுகளுக்கான ராஃப்ட் என்ற தொலைமருத்துவ வலையமைப்பு வளர்ந்தது. மெதுவான இணைப்பிலும் குரலும் படமும் போய்ச்சேர வேண்டும் என்று அதற்கென்றே மென்பொருள் எழுதினார்கள்.

அங்கே நோயாளியைத் தனியாகத் திரைக்கு முன்னால் இருத்தவில்லை. ஜென்னே, பாங்கஸ், டியோய்லா, கொலோக்கானி ஆகிய நான்கு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவர்களுக்கே ஸ்கேன் எடுக்கவும் ஈசிஜி எடுக்கவும் பழக்கினார்கள். சந்தேகம் வந்தால் தூரத்திலிருக்கும் நிபுணரிடம் கேட்பார்கள். ஜென்னேயிலிருந்து பமாக்கோ 500 கிலோமீற்றருக்கு மேல். வயிற்றுப்பிள்ளையோடு ஒரு பெண் அந்த வழியில் பஸ் ஏறாமல் இருந்தாலே எவ்வளவு பெரிய விஷயம். கமரூனில் ஆர்தர் சாங் என்ற பொறியாளர் உருவாக்கிய கார்டியோபாட் என்ற இதயப் பரிசோதனை டப்லெட்டும் இதே வழிதான். கிராமத்தில் தாதி ஈசிஜி எடுப்பார், நகரத்தில் இதய நிபுணர் பார்ப்பார். 2016இல் அதற்கு ஆபிரிக்கப் பொறியியல் பரிசு கிடைத்தது.

அப்புறம் மொழி. மாலியில் டொக்டர் பிரெஞ்சில் படித்தவர், நோயாளி பேசுவது பம்பராவோ ஃபுலாவோ. நடுவில் நிற்கிற தாதிதான் இரண்டு பக்கமும் பேசுவார். என் அம்மா மாதிரி எத்தனை பேர் பிரான்சில் பிள்ளை வேலைக்குப் போன நேரத்தில் அந்தக் கூண்டுக்குள் தலையாட்டிவிட்டு வருகிறார்களோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் ஊரில் இரண்டாவது கூண்டு வைக்கப் பேசுகிறார்கள். அந்தக் காசில் ஒரு தாதியைக் கிழமைக்கு இரண்டு நாளாவது அங்கே இருத்துங்கள் என்று நகரசபைக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அம்மாவும் வருவதாகச் சொல்கிறார். உங்கள் ஊரிலும் இதே நிலை என்றால், வீட்டுக்கு வரும் தாதியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் பக்கத்தில் இருந்து செய்யும் தொலை ஆலோசனைக்கும் காப்புறுதி காசு தருகிறது. எங்களுக்கு அது தெரியவே மூன்று கிழமை ஆனது.