அண்டி ஆபீஸ் கூலி

2024-25இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது என்று படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் மறுநாள் விடியற்காலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் முக்கில் அண்டி ஆபீஸ் வண்டிக்காகக் காத்து நின்ற பெண்களைப் பார்த்ததும், இதில் இவர்கள் பங்கு எவ்வளவு என்று மனசு கேட்டது.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், அண்டி என்றால் முந்திரிக்கொட்டை, அண்டி ஆபீஸ் என்றால் அதை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலை. என் அம்மா இருபது வருடம் அண்டி உடைத்தவர். தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் விரல்கள் கறுத்துவிடும். கல்யாண வீடுகளில் அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். கூலி கிலோ கணக்கில். பருப்பு முழுசாக வர வேண்டும், உடைந்தால் பிடித்தம். பிடித்தம் போக மீதிக் கூலியோடு வரும் சனிக்கிழமைகளில் அம்மா பேசவே மாட்டார்.

கொட்டை பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. பருப்பு வெளிநாட்டுக்கும் போகிறது. கொல்லத்து முதலாளிகள் பலர் ஒரு காலத்தில் எல்லை தாண்டி நம் பக்கம் ஆலை போட்டதற்கு முக்கியக் காரணம், கேரளத்தைவிட இங்கே கூலி குறைவு என்பதுதான். நம் பெண்களின் கை மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்கு. அந்தப் பெருமையில் அண்டி ஆபீஸ் காசில் கட்டிய பள்ளிக்கூட ஃபீஸும் இருக்கிறது. நானும் அப்படிப் படித்தவள்தான். மார்த்தாண்டத்தில் புதிது புதிதாக நகைக்கடை திறக்கிறார்கள். அந்தப் பளபளப்பில் பெரும்பங்கு கடல் தாண்டிப் போன பிள்ளைகள் அனுப்பும் காசு. உள்ளூர்க் கூலி அதோடு சேர்ந்து ஏறவில்லை.

நாடு முழுக்கவும் இதே கதைதான். 2022-23இல் தேசிய வருமானத்தில் 22.6 சதவீதம் உச்சியிலுள்ள 1 சதவீதம் பேருக்குப் போனது என்கிறது உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம். இன்னொரு பக்கம் 80 கோடிப் பேருக்கு இலவச அரிசியும் கோதுமையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுப்பது சரிதான். மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகையும் சரிதான். “மக்ளே, சிலிண்டருக்கு ஆச்சு” என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லும்போது அந்த நிம்மதி எனக்குப் புரிகிறது. ஆனால் நாள் முழுக்க உழைக்கிறவருக்குச் சிலிண்டர் வாங்கக் கூலி போதாதா?

எட்டு மணி நேரம் உட்கார்ந்தால், கிலோ எத்தனை ஆனாலும், அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி கைக்கு வர வேண்டும். உடைந்த பருப்புக்குப் பிடிக்கக் கூடாது. அடுத்து ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.