ஷாங்காயில் ஆறு நாள்

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அலைப் படத்தைப் போட்டு, "ஜப்பானிய மரச்செதுக்கு சீன ஓவியத்தை இப்படித்தான் மாற்றியது" என்று யாராவது எழுதினால் எனக்குப் பொறுக்காது. மரச்செதுக்கு என்றால், பலகையில் படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சிடுவது. அந்த அலை பாரிஸ் ஓவியர்களை ஆட்டிவைத்தது, சரி. சீனக் கதை வேறு. அதன் மையம் 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் நடந்த ஒரு வகுப்பு.

மருத்துவம் படிக்க ஜப்பான் போய், பாதியில் விட்டுவிட்டு இலக்கியத்துக்கு வந்தவர் சீன எழுத்தாளர் லூ சுன். ஷாங்காயில் உச்சியாமா கன்சோ என்ற ஜப்பானியரின் புத்தகக்கடையில்தான் அவருடைய பாதிப் பொழுது போகும். கன்சோவின் தம்பி ககிச்சி, டோக்கியோவில் பள்ளிக்கூடக் கைவினை ஆசிரியர். கோடை விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தவரைப் பிடித்து, மரச்செதுக்கு சொல்லிக்கொடுக்க வைத்துவிட்டார் லூ சுன். ஆகஸ்ட் 17 முதல் 22 வரை, 13 மாணவர்கள். ககிச்சி ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று சீனத்தில் எடுத்துச் சொன்னவர் லூ சுன்தான். நாடறிந்த எழுத்தாளர், ஐம்பதை எட்டும் வயதில், தினமும் வந்து மொழிபெயர்ப்பாளராக நின்றிருக்கிறார். எனக்கு இதை நினைத்தாலே நெகிழ்ந்துபோகும்.

அவர் எதற்காக அப்படி நின்றார்? ஜப்பானின் பழைய எடோ காலத்து அச்சுகளில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் இன்னொருவர், மை ஏற்றி அச்சிடுபவர் மூன்றாமவர். பணம் போடுபவர் பதிப்பாளர். அதை மாற்றி, 1904இல் யமமோட்டோ கனயே என்ற ஜப்பானிய ஓவியர் ஒரு மீனவர் படத்தைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிட்டார். ஷாங்காய் மாணவர்களுக்குக் கிடைத்தது இந்த வழக்கம்தான். ஒரு பலகை, ஒரு உளி, கொஞ்சம் மை இருந்தால் போதும். யார் தயவும் வேண்டாம்.

"மர அச்சே சீனாவுடையது, இதில் ஜப்பானுக்கு என்ன பெருமை?" என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். 1679இல் வந்த கடுகுவிதைத் தோட்டம் என்ற சீன ஓவியக் கையேட்டைப் பார்த்து ஜப்பானிய ஓவியர்கள் பழகினார்கள். ஆனால் பிறந்த வீட்டுக்கு வரும் பெண் புகுந்த வீட்டுப் பழக்கத்தோடுதானே வருவாள்?

வகுப்பு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 18 அன்று ஜப்பானிய ராணுவம் மஞ்சூரியாவில் இறங்கியது. அடுத்த ஜனவரியில் ஷாங்காய் மீதே குண்டு. யாரும் உளியைத் தூக்கி எறியவில்லை.

சீன ஓவியர் லீ ஹுவாவின் 'உறுமு, சீனாவே' என்ற மரச்செதுக்கைப் பாருங்கள், 1935. ஒரு சாண் உயரம்தான் இருக்கும். உடுப்பில்லாத ஒரு மனிதன், கண் கட்டியிருக்கிறது, தடித்த கயிற்றால் கம்பத்தோடு பிணைத்திருக்கிறார்கள். வாய் பிளந்து கத்துகிறான். ஒரு கை மட்டும் கீழே கிடக்கும் கத்தியைத் துழாவுகிறது. கருப்பு மை, வெள்ளைத் தாள், அவ்வளவுதான். ஒவ்வொரு கோட்டிலும் உளி இறங்கிய வேகம் தெரியும். லீ ஹுவா அந்த ஆறு நாள் வகுப்பில் இருந்தவர் இல்லை. ஆனால் அங்கிருந்து கிளம்பிய இயக்கத்தின் ஆள். இந்தப் படத்தில் ஹொகுசாயின் சாயல் எங்கே? ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ்தான் எனக்குத் தெரிகிறார். அவருடைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, இளைஞர்களுக்குக் காட்டியவரும் லூ சுன்தான். இதைப் போய் காப்பி என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

1936 அக்டோபர் 8 அன்று ஷாங்காயில் மரச்செதுக்குக் கண்காட்சி. ஷா ஃபே எடுத்த புகைப்படம் இருக்கிறது. பிரம்பு நாற்காலியில் மெலிந்துபோன லூ சுன், கையில் சிகரெட், சுற்றிலும் இளம் ஓவியர்கள். அவர் பேசிக்கொண்டிருக்கிறார், முகத்தில் சிரிப்பு. 11 நாள் கழித்து இறந்துபோனார்.