கை ஒன்றுதான், கூலிதான் வேறு

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த மாமா கனடாவில் இருந்து வந்தவர். "இங்கத்தைய சனத்துக்கு வேலை செய்யிற பழக்கம் இல்லை, அதுதான் நாடு இப்படிக் கிடக்கு" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கலியாண வீட்டில் வாக்குவாதம் வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அந்தக் கதை இன்னும் மனதை அரிக்கிறது.

எங்கட கடை புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில். சீனி, பருப்பு, செத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். விடிய ஐந்து மணிக்கு லொறி வந்தால் நாட்டாமைமார் 50 கிலோ மூட்டைகளை முதுகில் வாங்கி இறக்குவார்கள். பிறகு கைவண்டியில் அடுக்கி, ஆட்டோவும் வேனும் நெரிபடும் தெருவில் இழுத்துக்கொண்டு போவார்கள். அவர்களில் மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்காலில் சீலை சுற்றிக்கொண்டுதான் வருகிறார்.

எங்களிடம் ஆறு வருசம் மூட்டை சுமந்த ஒரு பொடியன் இப்போது ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். "அண்ணை, இங்க வேலை லேசு" என்று போனில் சொன்னான். இங்கே ஒரு விடியற்காலை முழுக்க அவன் சுமந்த பாரம் அங்கே சில நிமிச வேலை. அதே பொடியன், அதே படிப்பு. விமானம் ஏறியதால் அவனுக்குச் சுறுசுறுப்பு கூடவில்லை. அங்கே அவன் கையில் இயந்திரம் இருக்கிறது, காலுக்குக் கீழே அகலமான தளம் இருக்கிறது, மின்சாரம் நிற்பதில்லை, எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்று கணினி சொல்கிறது.

கனடாவின் தலா வருமானம் எங்கட நாட்டைப் போல் சுமார் 12 மடங்கு. இங்கே சாமான் மலிவு என்பதைக் கணக்கில் எடுத்தாலும் 4 மடங்கு அளவு வித்தியாசம் மிஞ்சும். சலூன்காரரை யோசித்துப் பாருங்கள். இங்கேயும் அங்கேயும் அதே கத்தரிக்கோல், அதே அரை மணித்தியாலம். ஆனாலும் ரொறன்ரோவில் பல மடங்கு கூலி. குறைத்துக் கொடுத்தால் அவர் சலூனை விட்டுவிட்டு அந்தக் களஞ்சியத்துக்கே வேலைக்குப் போய்விடுவார். ஒருவருடைய கூலியை, அவரைச் சுற்றியிருக்கிற முழு நாட்டின் உற்பத்தித்திறனும் சேர்ந்துதான் தூக்குகிறது.

நீங்களும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வாங்க வேண்டியதுதானே என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கடை முகப்பு பன்னிரண்டு அடி. அது திரும்பவே இடமில்லை. பேலியகொடைப் பக்கம் பெரிய களஞ்சியம் எடுக்கக் கடன் வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளி கூட்டியது. அந்த வருடக் கடைசியில் பெரிய கம்பனிகளே 25 வீதத்துக்கு மேல் வட்டி கட்டின. சரி, லொறியையாவது மாற்றலாம் என்றால் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 வரை சரியாகத் திறக்கவில்லை.

மூலதனம் இல்லாமையின் விலை என்ன என்பதற்கு எங்கட நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு களுத்துறை, காலி, மாத்தறைச் சிறு தொழில்காரர்களில் சிலரைக் குலுக்கலில் தெரிந்து, 10,000 அல்லது 20,000 ரூபா காசாகவோ பொருளாகவோ கொடுத்துப் பார்த்தார்கள் பொருளியலாளர்கள். அந்த மூலதனம் மாதத்துக்குச் சுமார் 5 வீதம் உழைத்தது. வங்கி வட்டி கிட்டவும் நிற்காது. சோம்பேறிகள் கையில் காசு இப்படி உழைக்குமா? பெண்கள் நடத்திய தொழில்களில் மட்டும் சராசரியாக அந்த ஆதாயம் தெரியவில்லை. அதை வாசித்தபோது இடியப்பம் அவித்து விற்ற என் சித்தி ஞாபகத்துக்கு வந்தார். அவர் கைக்கு வந்த காசு ஒருநாளும் தொழிலுக்குத் திரும்பவில்லை. பிள்ளைகளின் டியூசனுக்கே சரியாக இருந்தது.

மூலதனம் மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். மும்பைக்குக் கிட்ட உள்ள நெசவாலைகளில் ஸ்டான்போர்டும் உலக வங்கியும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. இயந்திரத்தை ஒழுங்காகப் பராமரிப்பது, பழுதுகளை எழுதிவைப்பது, இருப்பைக் கணக்கெடுப்பது போன்ற சாதாரண நிர்வாகப் பழக்கங்களைப் புகுத்தியதிலேயே முதல் வருடம் உற்பத்தித்திறன் 17 வீதம் கூடியது. அதில் என்னைத் தைத்தது இன்னொன்று: ஒரு முதலாளி எவ்வளவு பெரிதாக வளர்கிறார் என்பது குடும்பத்தில் எத்தனை ஆண்கள் என்பதோடு ஒட்டியிருந்தது. வெளியாளை நம்பிக் கல்லாவை விட முடியாது. எங்கட கடையும் அப்படித்தான். பெரியப்பா இருந்த மட்டும் இரண்டு கடை, அவர் செத்த பிறகு ஒன்று. கொடுத்த செக் திரும்பினால் வழக்கு எத்தனை வருடம் இழுபடும் என்று தெரிந்தவர்கள் தெரிந்த முகத்துக்குத்தான் கடன் கொடுப்பார்கள்.

இன்னொன்றை எழுதாமல் விடமுடியாது. 1983 ஜூலை 25, தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கட கடை எரிந்தது. அப்பாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இரண்டு வருடம் கழித்து அதே தெருவில் வாடகைக்குத் திரும்பவும் தொடங்கினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு இயந்திரமும் வாங்கவில்லை, ஒரு காணியும் வாங்கவில்லை. லாபமெல்லாம் நகை. "நகையை மடியில கட்டிக்கொண்டு ஓடலாம், களஞ்சியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடேலுமோ?" என்று கேட்பார். அந்தத் தெருவில் அன்று எரிந்தவை எத்தனையோ கடைகள். நாற்பது வருடமாக லொறியாகவும் களஞ்சியமாகவும் மாறியிருக்க வேண்டிய காசு அலுமாரிக்குள் கிடந்தது. அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மாமா, நீங்கள் திரும்பிப் போக இன்னும் பத்து நாள் இருக்கு என்றீர்கள். ஒரு நாள் விடிய ஐந்து மணிக்கு நாலாம் குறுக்குத் தெருவுக்கு வாங்கோ. சீனி லொறி வரும். தேத்தண்ணி நான் தாறன். அந்த மூத்தவர் மூட்டை இறக்கி முடிக்கும் மட்டும் என்னோடு நில்லுங்கோ.