உடுக்கின் வளைவு எஃபெக்ட் அல்ல

நாட்டார் இசையை வைத்துச் செய்யும் பரிசோதனைப் பதிவுகளில் உடுக்கின் ஒலி மேலேறி வளைவது கணினி எஃபெக்ட், கையால் வராது என்று ஒரு தம்பி எழுதியது பிழை. உடுக்கின் இடுப்புக் கயிற்றை இடக்கையால் அமுக்க இரு பக்கத் தோலும் இழுபட்டுச் சுருதி ஏறும், விட இறங்கும். வன்னியில் காத்தவராயன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய ஒலி.

பதிவில் தட்டையாகக் கேட்டால், மாரி ஈரத்தில் தோல் தளர்ந்திருக்கும். அல்லது மைக் மிகக் கிட்ட இருந்து, ஒலி அளவு மீறி அதன் உச்சம் வெட்டுப்பட்டிருக்கும். மூன்று, நான்கு அடி தள்ளி வையுங்கள். ஓட்டோ கெயினை (ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை) நிறுத்தி, உச்சம் -12 டெசிபெல்லைத் தாண்டாமல் 24 பிட்டில் எடுங்கள். லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒலித்துண்டுக்கு) வளைவு அடங்கிய இடத்தில்தான் வெட்டவேண்டும், நடுவில் வெட்டினால் சுருதி துள்ளும்.

உடுக்கு அடித்தவரின் பெயரை விட்டுவிட்டு 'ஒலி மாதிரி' (சாம்பிள்) என்று மட்டும் போடுவதும், கையின் வேலையைக் கணினியின் வேலையாக எண்ணும் இதே பிழையிலிருந்துதான் வருகிறது.