காஜாவுக்கு யார் கூலி கொடுத்தது?

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தோம். தூரத்துச் சித்தப்பா ஒருவர் ஆரம்பித்தார். “நல்ல டெய்லரே இப்ப கிடைக்க மாட்டேங்கான். பயலுவளுக்கு உக்காந்து வேலை செய்ய உடம்பு வணங்கல.” என்னைப் பார்த்ததும், “உங்கப்பா ஒத்த ஆளா எத்தனை உருப்படி தைப்பாரு!” என்றார்.

ஒத்த ஆளா. சுருக்கென்றது. கல்யாண வீடாச்சே என்று பேசாமல் இருந்துவிட்டேன். இங்கே பேசலாம்தானே.

சங்கரன்கோவிலில் அப்பா கடை. ஒரு உஷா மிஷின், வெட்டுகிற மேஜை, கரி இஸ்திரிப் பெட்டி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். வெட்டும் தையலும் அப்பா. ஊர் பார்த்தது அதை மட்டும்தான். சாயங்காலம் ஒரு மஞ்சப்பையில் சட்டைகள் வீட்டுக்கு வரும். காஜா, அதாவது பட்டன் மாட்டுகிற துளை இல்லாமல், பட்டன் இல்லாமல், நூல் பிசிறு தொங்கிக்கொண்டு.

காஜா அம்மா வேலை. அரைக்கைச் சட்டைக்கு முன்பட்டியில் ஆறு, காலரில் ஒன்று, ஆக ஏழு. அப்பா சாக்குக்கட்டியால் இட்டிருக்கும் கோட்டை, துணியை மடித்துச் சின்னக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டுவாள். பிரிந்த இரண்டு உதட்டையும் இடதுகைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஊசியைக் கீழிருந்து மேலே ஏற்றி, நூலை ஊசிக்கு அடியில் சுற்றி இழுத்தால் வெட்டின விளிம்பில் ஒரு முடிச்சு உட்காரும். அதை ஒட்டி அடுத்த முடிச்சு. இடைவெளி விழுந்தால் நாலு சலவையில் பிய்ந்துவிடும். இறுக்கி இழுத்தாலோ துணி சுருங்கிப் பட்டன் ஏறாது. அம்மாவின் இடது ஆள்காட்டி விரல் நுனி இன்றைக்கும் சொரசொரவென்றுதான் இருக்கிறது. சின்ன வயதில் அந்த விரலால் என் முதுகைச் சொறிந்துவிடச் சொல்வேன்.

பட்டன் தைப்பது நான். தைத்த காலரைப் புரட்டி, குச்சியால் முனையைக் குத்திக் கூராக வெளியே எடுப்பது அண்ணன். பிசிறு வெட்டுவது ஆச்சி. கண் மங்கின பிறகு தடவிப் பார்த்தே வெட்டுவாள். ஒரு தடவை பிசிறோடு சேர்த்துக் காஜாவையும் வெட்டிவிட்டாள். அப்பாவுக்குத் தெரிவதற்குள் அம்மா ராத்திரியோடு ராத்திரியாக அதைச் சரி பண்ணினாள். தீபாவளி நெருங்கினால் எங்கள் வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்காது, இட்லி மாவில்கூட நூல் கிடக்கும்.

ஆக, கடையில் ஒருவர், வீட்டில் நாலு பேர். கூலி மட்டும் ஒரே கூலி. 1996-இல் ஒரு சட்டைக்கு முப்பத்தைந்து ரூபாய் வாங்கினார் அப்பா. “அண்ணாச்சி, அஞ்சு ரூவா குறைச்சுக்கிடுங்க” என்று அதிலும் பேரம் பேசுவார்கள். அந்த ரேட்டுக்கு அப்பாவால் தைக்க முடிந்ததென்றால், மீதி நாலு பேருக்கும் கூலி கிடையாது என்பதால்தான். சித்தப்பா மெச்சுகிற அந்த மலிவான, நல்ல தையலின் ரகசியம் இதுதான்.

இது எங்கள் வீட்டோடு நின்ற கதையும் இல்லை. எங்கள் ஊர் தறி ஊர். தறிக்காரர் வீட்டில் தார் சுற்றுவது, அதாவது தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பது யார்? அந்த வீட்டுப் பெண்கள். அதற்கென்று தனியாகக் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை.

அண்ணனை மிஷினில் உட்காரவே விடவில்லை அப்பா. ஒருநாள் ஆசைக்குக் காலால் மிதித்துப் பார்த்தவனின் முதுகில் அளவு டேப்பாலேயே ஒன்று வைத்தார். “நீயாவது நாற்காலியில சாஞ்சு உக்காந்து வேலை பாரு.” அவனும் படித்து கோயம்புத்தூர் போனான். நானும் காலேஜ் போனேன். ஆச்சி தவறிப்போனாள். அம்மா ஒருத்தியால் எத்தனை காஜாதான் எடுக்க முடியும்? வெளியே மிஷின் காஜாவுக்குக் கொடுக்க ஆரம்பித்தார் அப்பா. காஜாவுக்குக் காசு, பட்டனுக்குக் காசு, கை மடிப்புக்குக் காசு. கூலியை ஏற்றலாமென்றால் தெருவிலேயே ரெடிமேட் சட்டையைக் குவித்துப்போட்டு விற்கிறார்கள். கடை படுத்ததற்கு ரெடிமேட்தான் காரணம் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். பாதி உண்மை. மறுபாதி, சம்பளமில்லாத ஆட்கள் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். “பயலுவளுக்கு வணங்கல” என்பவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும்.

அப்புறம் ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் டெய்லருக்கு இன்னொரு தீபாவளி. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை 1985-லேயே வந்துவிட்டது. 2012-க்குப் பிறகு வருஷத்துக்கு நாலு செட் என்றானது. அதைத் தைப்பது சமூக நலத்துறையின் கீழ் இருக்கிற மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். வெட்டின துணி கொடுப்பார்கள், வீட்டில் தைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், உருப்படிக் கணக்கில் கூலி. அப்பாவின் ஜூன் வருமானம் அதோடு போச்சு. அவர் திட்டாத திட்டு இல்லை.

ஆனால் அம்மா அதில் சேர்ந்தாள்! ஐம்பதை ஒட்டின வயதில், அப்பாவின் பழைய மிஷினில் சாயங்காலம் உட்கார்ந்து மிதிக்கப் பழகி, சங்கத்தில் உறுப்பினர் ஆனாள். “ஊரான் துணியைத் தைக்கணும்னு இவளுக்கு என்ன தலையெழுத்து” என்று அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். (நாற்பது வருஷமாக அவர் தைத்தது யார் துணியாம்?) முதல் கூலி வங்கிக் கணக்கில் ஏறிய அன்றைக்கு அம்மா பாஸ்புக்கை எனக்கு விரித்துக் காட்டவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நான்தான் எடுத்துப் பார்த்தேன்.

அப்பாவுக்குத் தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை உண்டு. அறுபது முடிந்து ஓய்வூதியம், இப்போது மாதம் 1,200 ரூபாய். அம்மாவையும் அதே வாரியத்தில் பதிந்திருக்கலாம். எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். 2023-இல் மத்திய அரசு, கைத்தொழில் செய்கிறவர்களுக்குப் பயிற்சியும் கடனும் கொடுக்கிற விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. பதினெட்டுத் தொழில்களில் தையலும் ஒன்று, ஆனால் குடும்பத்துக்கு ஒருவர்தான். குலத்தொழிலுக்குத் திரும்ப இழுக்கும் திட்டம் என்று தமிழ்நாடு அரசு அதை ஏற்காமல், 25 தொழில்களைச் சேர்த்துக் கலைஞர் கைவினைத் திட்டத்தை அறிவித்தது. அந்த எதிர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு. மிஷினை மிதித்ததற்கு அடி வாங்கினவனின் தங்கை நான். என் சண்டை வேறு: ‘குடும்பத்துக்கு ஒருவர்’ என்று எழுதினவருக்கு ஒரு சட்டை எப்படி உருவாகிறது என்றே தெரியாது.

கல்யாணத்தில் இருந்து திரும்பியதும் அப்பாவின் பழைய அளவு நோட்டை எடுத்தேன். பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். வாரத்துக்கு இருபத்தைந்து சட்டை, சட்டைக்கு ஏழு காஜா, அந்தக் காலத்து ரேட்டில் காஜாவுக்கு நாலணா என்று வைத்தாலும் வாரத்துக்கு நாற்பத்து மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு. இருபது வருஷத்துக்குப் பெருக்கினால் நாற்பத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. பட்டனை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “நூல் நான்தானே வாங்கிக் கொடுத்தேன். அதைக் கழி.”

அம்மா அடுப்படியில் இருந்தே குரல் கொடுத்தாள்: “கழிக்கட்டும். ஊசி எங்க ஆத்தா வீட்டுச் சீர்னு அதுலயே எழுதிக்கட்டி.”